மலையின் துப்பாக்கியும் மைதானத்தின் துப்பாக்கியும்: கொல்லிமலையை முன்வைத்து ஆயுத ஒழுங்கின் வரலாறு

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியுடன் இளைஞர் கைது என்ற செய்தி நாமக்கல், சேலம் பதிப்பு நாளிதழ்களில் அவ்வப்போது வரும். நான்கைந்து வரிகளுக்கு மேல் போகாது. இரவு ரோந்து, வனப்பகுதி, ஒற்றைக்குழல் துப்பாக்கி, கொஞ்சம் கருமருந்து, பால்ரஸ் குண்டுகள், நீதிமன்றக் காவல் என்று முடிந்துவிடும். அதே இளைஞரின் வயதுள்ள இன்னொருவர் சமவெளியில் ஒரு கல்லூரியின் என்.சி.சி. சீருடையில் .22 ரைபிளைக் கையில் ஏந்தியிருப்பார். அவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். வேலைவாய்ப்பில் முன்னுரிமை கிடைக்கும். குறி தவறாமல் சுட்டால் பதக்கமும் உண்டு.

இருவர் கையிலும் இருப்பது துப்பாக்கிதான். ஒன்று குற்றமாகவும் மற்றது தகுதியாகவும் ஆனது எப்படி? சட்டம் அப்படிச் சொல்கிறது என்பது சரியான விடை, ஆனால் முழுமையான விடை அல்ல. அந்தச் சட்டத்துக்கு இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைக் கொல்லிமலையிலிருந்து பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. ஆயுதம் ஏந்துபவரிடம் ஒழுங்கு உண்டா என்று அரசு சோதித்ததைவிட, அந்த ஒழுங்கை எழுதி வைக்க ஒரு பதிவேடும் கையெழுத்திட ஓர் அதிகாரியும் உண்டா என்றே அதிகம் சோதித்திருக்கிறது. பதிவேடு உள்ள குழுவுக்குத் துப்பாக்கி பயிற்சியாயிற்று. பதிவேடு இல்லாத ஊருக்கு அது வழக்காயிற்று. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

ஓரியின் மலை

கொல்லிமலையின் ஆயுத வரலாறு வில்லிலிருந்து தொடங்குகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டவன். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அவனைக் காட்டில் வேட்டையாடும் நிலையில் காட்டுகிறார். அவன் விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இந்த வேகத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பாடலில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிற்பகுதி. இவன் யாரென்று அறியாமலே பாணர் கூட்டம் அவனைப் பாடுகிறது. தன் பெயரைக் கேட்டதும் அந்த வில்லாளி நாணுகிறான். வேட்டையில் கிடைத்த ஊனையும் தேனையும் கொடுத்து, மேலே பொன்னும் கொடுக்கிறான். ஆயுதத் திறனும் அடக்கமும் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைத்தான் புலவர் புகழ்கிறார். திறமை மட்டும் அங்கே போதுமானதாக இல்லை.

பின்னர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கப் பாடல்கள் தரும் செய்தி. இலக்கியத்திலிருந்து நேரடியாக இன்றைய மலைக்குக் கோடு போட முடியாது. இடையில் எத்தனையோ ஆட்சிகள் வந்துபோயின. இன்று மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறியதாகத் தங்கள் தோற்றத்தைச் சொல்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இக்கதைக்கு இடம் கொடுத்திருக்கிறார். நாடு, ஊர் என்ற அடுக்கையும், பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் போன்ற தலைமைகளையும் அவருடைய காலத்து ஆவணங்களில் காணலாம். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, தின்னனூர்நாடு என்று இன்றைய ஊராட்சிப் பெயர்களிலும் அந்த நாட்டு அமைப்பு நிலைத்திருக்கிறது. வழக்குத் தீர்ப்பது, அபராதம் போடுவது, ஊரை விட்டு விலக்குவது எல்லாம் அந்த அமைப்பின் கையில் இருந்தவை. எழுதாத சட்டமாக இருந்தாலும் அதைக் கட்டிக்காக்க ஊரில் ஆள் இருந்தது. இனி வரப்போகும் எழுதிய சட்டம் இந்த அமைப்பை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆயுதம் களைதல்: 1801 முதல் 1878 வரை

இந்தியாவில் ஆயுதப் பறிப்பு 1857 கிளர்ச்சிக்குப் பின் தொடங்கியது என்று பொதுவாக எழுதுவார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது அரை நூற்றாண்டு முந்தியது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. காவல் முறையில் ஊருக்கு ஊர் ஆயுதம் தாங்கிய ஆட்கள் இருந்த ஒரு நிலப்பகுதி, ஓர் அறிவிப்பால் நிராயுதமாக்கப்பட்டது.

கொல்லிமலை அந்த அறிவிப்பின் எல்லைக்குள் நேரடியாக வரவில்லை. சேலமும் பாரமகாலும் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு ஏற்கெனவே வந்திருந்தன. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே நில அளவையில் இறங்கியிருந்தார்கள். இருந்தாலும் 1801இன் அறிவிப்பு ஒரு முன்மாதிரியை உருவாக்கிவிட்டது: ஆயுதம் ஊரின் உடைமை அல்ல, அரசு அனுமதிக்கும் தனிமனிதரின் உடைமை.

இந்தக் கருத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமாக முழு உருப் பெற்றது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 11ஆம் எண் சட்டம் அது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டியதில்லை. இந்த இனப் பாகுபாடு படித்தவர்களைச் சுட்டது. 1887இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் ஆயுதச் சட்டத்துக்கு எதிரான குரல் எழுந்தது. அப்போது இளைஞராக இருந்த விபின் சந்திர பால் அங்கே அதை எதிர்த்துப் பேசினார்.

அந்த மேடையில் பேசப்பட்டது குடிமக்களின் தன்மானம். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வைத்திருந்த மலைவாசி அந்த விவாதத்தில் இல்லை. அவரைத் தொட்ட சட்டங்கள் வேறு. 1882இன் சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1879இல், நீலகிரிக்கென ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. பொழுதுபோக்காக வேட்டையாடிய வெள்ளை அதிகாரிகளின் விளையாட்டுக்கு விலங்குகள் குறையாமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கங்களில் முதன்மையானது. இன்ன பருவத்தில் சுடலாம், இன்ன விலங்கைச் சுடலாம், பெண் விலங்கைச் சுடக்கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகளை விளையாட்டு ஒழுங்கு என்றார்கள். அந்த ஒழுங்குக்குள் வந்தவர் வேட்டை விளையாட்டுக்காரர். அதே காட்டில் தன் கொல்லையைக் காக்கவோ கறிக்காகவோ சுட்டவர் கள்ள வேட்டைக்காரர். விளையாட்டு என்ற சொல் ஆயுதத்துக்குக் கவசமாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். அந்தக் கவசம் இன்றுவரை வேலை செய்கிறது.

கல்லூரிக்குள் வந்த ரைபிள்

முதல் உலகப்போர் இன்னொரு கதவைத் திறந்தது. 1917இன் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழக மாணவர் அணிகள் அமைந்தன. 1920இல் அவை பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று பெயர் மாறின. கல்லூரி மாணவன் சட்டப்படி ரைபிள் தூக்கியது அப்போதுதான்.

அந்தக் கதவின் வழியே உள்ளே போனவர்களில் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் வெளியேற்றப்பட்ட மாணவர் சுபாஷ் சந்திர போஸ். கல்லூரி ஒழுங்கை மீறியவர் என்று ஏட்டில் பதிந்த அவர், மறு ஆண்டு ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அணியில் ராணுவப் பயிற்சி பெற்றார். அந்த முகாம் வாழ்க்கையை எவ்வளவு விரும்பினார் என்பதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவனிடம் ஓரிரு ஆண்டுக்குள் ரைபிளைக் கொடுக்க அரசு தயங்கவில்லை. காரணம், அவனைச் சுற்றி அணி இருந்தது, அணிக்கு அதிகாரி இருந்தார், துப்பாக்கி மாலையில் கிடங்குக்குத் திரும்பியது.

விடுதலைக்குப் பின் இந்த மரபு என்.சி.சி. ஆனது. 1946இல் அமைந்த குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையை ஒட்டி 1948இல் சட்டம் வந்தது, அந்த ஆண்டு ஜூலையில் படையும் பிறந்தது. 1949இல் மாணவியர் பிரிவு சேர்ந்தது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரி மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968இல் மறுபடி விருப்பப் பயிற்சியானது. அதன் இன்றைய குறிக்கோள் ஒற்றுமையும் ஒழுக்கமும். ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, என்.சி.சி. உறுப்பினர் அந்த நிலையில் ஆயுதம் ஏந்துவதை உரிமத் தேவையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இந்த விலக்கு மாணவனுக்குத் தனிமனிதனாகக் கிடைப்பதில்லை, அணியின் உறுப்பினனாக மட்டுமே கிடைக்கிறது. சீருடையைக் கழற்றியதும் அது முடிந்துவிடும்.

விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதலும் இதே காலத்தில் நிறுவனமாயிற்று. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கியது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். அவர் பெயரில் நடக்கும் போட்டிகள் இன்றும் தேசியப் போட்டிக்கு ஏணிப்படியாக இருக்கின்றன. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்டார். பாரிஸில் டிராப் பிரிவில் பங்கேற்ற பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல், சென்னை வேளச்சேரியில் ஒரு கல்லூரி வளாகத்துச் சுடுகளத்தில்தான் நடந்தது. கல்லூரி, விளையாட்டு, துப்பாக்கி மூன்றும் தமிழ்நாட்டில் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் சேர்ந்த இடங்கள் பெரும்பாலும் பெருநகரங்கள்.

குடகு: விலக்குப் பெற்ற மலை

மலைவாசியின் துப்பாக்கி எப்போதுமே குற்றமாகத்தான் பார்க்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு இருக்கிறது. 1857இல் ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்ததற்காக, ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து குடகர்களுக்கு 1861இல் விலக்களிக்கப்பட்டது. 1878இன் சட்டம் வந்தபோதும் அது தொடர்ந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் விதிகளிலும் தொடர்ந்தது. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. இந்த விலக்கு பாகுபாடு என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

குடகில் துப்பாக்கி வீட்டுப் பொருள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, இறப்புக்கு இரண்டு வெடி. கைல்போது பண்டிகையில் ஆயுதங்களுக்குப் பூ வைத்து வணங்கி, உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி நடத்துகிறார்கள். அதே சமூகம்தான் இந்தியாவுக்கு ஹாக்கி வீரர்களை வரிசையாகக் கொடுத்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் சோமையா குடகர். தடகளத்தில் அஸ்வினி நாச்சப்பா, டென்னிஸில் ரோகன் போபண்ணா. 1997இல் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிய குடும்ப ஹாக்கித் திருவிழாவில் ஒவ்வொரு குடும்பமும் ஓர் அணி. அந்த 'குடும்பம்' என்ற அமைப்புதான் அங்கே துப்பாக்கிக்கும் பொறுப்பு.

கொல்லிமலையின் மலையாளிகளுக்கு 1857இல் விசுவாசம் காட்டவோ மறுக்கவோ வாய்ப்பே வரவில்லை. போர் அவர்கள் மலைக்கு வரவில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இனம் என்ற பட்டியலிலும் அவர்கள் இல்லை. ஆகவே விலக்கு இல்லை. இரண்டு மலைகளிலும் வேட்டை இருந்தது, இரண்டிலும் பயிரை மேயும் பன்றி இருந்தது, இரண்டிலும் ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. ஒன்றில் அந்தக் கட்டுப்பாட்டை அரசு நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை அரசியல் கைம்மாறு. இதைச் சொல்வது குடகர்களின் உரிமையைக் குறைகூறுவதற்காக அல்ல. ஒரு சமூகம் தன் துப்பாக்கிக்குத் தானே பொறுப்பேற்க முடியும் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சான்று அங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காக.

1959க்குப் பிறகு

1959ஆம் ஆண்டு புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காலனியச் சட்டத்தைவிட இது குடிமக்களிடம் கனிவாக இருக்க முயன்றது. அதன் 13ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால் அதிகாரி வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். கொல்லிமலையில் பிடிபடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி அதே வகையைச் சேர்ந்தது. நாடாளுமன்றம் யாரை மனதில் வைத்து அந்த வரியை எழுதியதோ, அவரே இன்று அந்தத் துப்பாக்கிக்காக நீதிமன்றத்தில் நிற்கிறார்.

எங்கே பிசகியது? முதலில், 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்தன. பன்றியைச் சுட முடியாத நிலையில் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி எதற்கு என்ற கேள்வி உரிம அலுவலகங்களில் இயல்பாக எழுந்தது. அடுத்து, 1983 திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கக் குறைந்தபட்ச வயதை 16இலிருந்து 21ஆக உயர்த்தியது. 2016இன் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பாதுகாப்பாகப் பூட்டி வைக்கும் வசதி என்று நிபந்தனைகளைக் கூட்டின. ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் நியாயமானவை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மரவள்ளியும் சாமையும் மிளகும் பயிரிடும் ஒருவர் இவை எல்லாவற்றையும் நிறைவேற்றி உரிமம் வாங்குவது எளிதல்ல. வேறு வழியாகச் சிலர் போனதுதான் அவுட்டுக்காய். பன்றி கடித்தால் வெடிக்கும் அந்த நாட்டு வெடி, மாட்டையும் நாயையும் சில நேரம் மனிதக் கையையும் சிதைக்கிறது. துப்பாக்கியைவிட அது எந்த வகையிலும் மேலானது அல்ல.

2019 திருத்தம் தண்டனையை ஏற்றியது. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்த சிறை, இரண்டு முதல் ஐந்தாண்டு ஆனது. துப்பாக்கி செய்து விற்றால் ஏழாண்டு முதல் ஆயுள்வரை. காவல்துறை இன்னொரு பக்கம் மலைக் கிராமங்களில், உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று கூட்டம் போட்டுச் சொல்கிறது. இது நல்ல முயற்சி. பலர் கொண்டுவந்து வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் குடும்பத்தின் கொல்லைக்கு யார் காவல் என்பதற்கு அந்தக் கூட்டத்தில் விடை இருப்பதில்லை.

மலையிலிருந்து இறங்கும் ஓட்டக்காரர்கள்

இங்கே கல்லூரி மாணவர் நேரடியாக உள்ளே வருகிறார். கொல்லிமலை இளைஞர்கள் மேற்படிப்புக்குப் பெரும்பாலும் இராசிபுரம், நாமக்கல் கல்லூரிகளுக்கு இறங்குகிறார்கள். ஏற்ற இறக்கத்தில் வளர்ந்த கால்கள், ஓட்டத்தில் முன்னே நிற்கும். அவர்களில் பலருடைய கனவு இரண்டாம் நிலைக் காவலர் வேலை அல்லது ராணுவம். காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் முயல்பவர்களும் உண்டு.

இந்த மாணவரின் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்து, சோதனையில் அது இவர் பெயரில் வழக்கானால் என்ன ஆகும்? தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகள், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவரைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக்குகின்றன. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் சம்பந்தப்பட்டவராகவே கருத அவ்விதிகள் இடம் கொடுக்கின்றன. அரசு ரைபிளைக் கையில் வாங்கி நாட்டைக் காக்க ஓடிக்கொண்டிருந்த ஒருவர், பழைய ஒற்றைக்குழல் ஒன்றால் அந்த ஓட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுகிறார். தண்டனைக் காலம் முடியும். இந்த விலக்கம் முடியாது. சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத தண்டனைகளில் இதுவே மிகக் கொடியது என்று கருதுகிறேன்.

குழு தரும் தண்டனை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெருந்தொழில். துப்பாக்கி அரசியலமைப்பு உரிமை. இரண்டும் மோதும்போது அணி தனக்கென்று விதி எழுதிக்கொள்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 2014 முதல் 2016 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த சார்லி ஸ்ட்ராங், வீரர்களுக்கு ஐந்து விதிகள் வைத்தார்: நேர்மை, பெண்களிடம் மரியாதை, போதைப்பொருள் கூடாது, திருட்டு கூடாது, ஆயுதம் கூடாது. அவர் பொறுப்பில் இருந்தபோதே, 2016 ஆகஸ்ட் 1 முதல், உரிமம் உள்ளவர்கள் அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல டெக்சஸ் சட்டம் அனுமதித்தது. மாநிலம் தளர்த்திய இடத்தில் அணியின் விதி இறுக்கமாக நின்றது.

தொழில்முறைக் கூடைப்பந்திலும் இதே போக்கு. கில்பர்ட் அரினாஸ் உடைமாற்றும் அறைக்குத் துப்பாக்கிகள் கொண்டுவந்ததற்காக 2010 ஜனவரியில் அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்து நீக்கப்பட்டார். ஜா மொரான்ட் சமூக ஊடக நேரலையில் துப்பாக்கியோடு தோன்றியதற்காக 2023இல் முதலில் எட்டு ஆட்டம், மறுமுறை இருபத்தைந்து ஆட்டம் தடை பெற்றார். மொரான்ட் மீது அதற்காகக் குற்ற வழக்கு இல்லை. வழக்கு இல்லாமலே தண்டனை கிடைத்தது. தண்டனை முடிந்ததும் திரும்பி வந்து ஆடினார்.

இந்தத் திரும்பி வருதல்தான் கவனத்துக்குரியது. குழு தண்டித்தால் தண்டனைக்கு அளவு இருக்கிறது, முடிவு இருக்கிறது, கண்காணிக்க ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். இந்தியாவில் விளையாட்டு வீரரின் ஆயுத ஒழுங்கைப் பெரும்பாலும் காவல் நிலையத்திடமே விட்டுவிட்டோம். 2021 மே மாதம் தில்லி சத்ரசால் மைதானத்தில் இளம் மல்யுத்த வீரர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற சுஷில் குமார் கைதானார். சம்பவ இடத்து வாகனத்திலிருந்து துப்பாக்கி கைப்பற்றப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. கைதுக்குப் பிறகே வடக்கு ரயில்வே அவரைப் பணி இடைநீக்கம் செய்தது. குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நாட்டின் பெயர்பெற்ற மல்யுத்தக் களமொன்றில் நடந்ததை அறிய, ஒரு சாவு வரை விளையாட்டு அமைப்புகள் காத்திருந்தன என்பது மட்டும் நீதிமன்றத்துக்கு வெளியேயும் கேட்க வேண்டிய கேள்வி.

சுடுகளத்தில் மட்டும் குழு ஒழுங்கு இந்தியாவிலும் உறுதியாக இருக்கிறது. குழலின் முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். சுடாத நேரத்தில் துப்பாக்கியின் குண்டறைக்குள் பாதுகாப்புக் கொடி செருக வேண்டும். ஆணைக்கு முன் குண்டு நிரப்பினாலே தகுதி இழப்பு வரலாம். இதைப் பன்னிரண்டு வயதிலிருந்தே கற்கலாம். பயிற்சிக்கு அந்த வயதைச் சட்டமும் அனுமதிக்கிறது.

வில்லுக்குத் திறந்த வழி

ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. துப்பாக்கிக்கு அங்கே இடமில்லை: துப்பாக்கி உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று, திருவிழாவுக்கோ ஊர்வலத்துக்கோ கல்வி நிறுவன வளாகத்துக்கோ அதைக் கொண்டு செல்லக்கூடாது என்கிறது. மலையின் ஆயுதத் திறன் பொதுவெளியில் மரியாதையோடு வெளிப்பட ஆண்டுக்கு இரண்டு நாள் கிடைத்திருக்கிறது, அதுவும் வில்லின் பெயரால்.

வில் ஒரு பழங்குடிச் சமூகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ராஜஸ்தானின் லிம்பா ராம் சான்று. பழங்குடி இளைஞர்களிடையே வில்லாளிகளைத் தேடி 1987இல் இந்திய விளையாட்டு ஆணையத்தின் சிறப்புப் பகுதித் திட்டத்தில் எடுக்கப்பட்டவர் அவர். மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக். 1992இல் பெய்ஜிங்கில் உலக சாதனையைச் சமன் செய்தார். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். காட்டு வில்லும் சட்டவிரோத வேட்டையின் கருவியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அரசு கருவியைப் பறிக்க ஆள் அனுப்பவில்லை, திறனைத் தேட ஆள் அனுப்பியது.

கொல்லிமலையில் செய்யக்கூடியது இதன் நீட்சிதான். மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆடி விழாவோடு முடிந்துவிடாமல் ஆண்டு முழுவதும் இயங்கும் வில்வித்தை மையம் அங்கே வேண்டும். 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலுடைய ஏர் ரைபிளுக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பத்து மீட்டரைவிடச் சற்று நீளமான ஒரு கொட்டகையில் சுடுகளம் அமைத்துவிடலாம். இளவேனில் ஒலிம்பிக்கில் சுட்ட பிரிவும் அந்தப் பத்து மீட்டர்தான்.

விவசாயியின் பக்கத்தில் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு எடுத்தது. ஒதுக்குக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கொல்லிமலையின் நாடுகள் பலவும் காட்டை ஒட்டியே கிடப்பதால், இந்த ஏற்பாட்டின் பலன் சமவெளி விவசாயிக்குக் கிடைக்கும் அளவுக்கு மலை விவசாயிக்குக் கிடைக்காது. ஊராட்சி வாரியாக, ஊர்க்கவுண்டர்களையும் வனத்துறையையும் உட்படுத்தி, பதிவேட்டில் ஏறிய, பூட்டி வைக்கப்படும், முறை வைத்து எடுக்கப்படும் பயிர்க் காவல் துப்பாக்கிகளுக்கு 13ஆம் பிரிவின்கீழ் உரிமம் தருவதைப் பற்றி யோசிக்கலாம். சுடுவது காற்றில் வெடித்துப் பன்றியை விரட்டுவதற்கு மட்டும் என்று நிபந்தனை போடலாம். என்.சி.சி.யின் துப்பாக்கிக் கிடங்கு எந்த முறையில் இயங்குகிறதோ அதே முறையில் இது இயங்க முடியும். கிடங்கின் சாவி ஊரிடம் இருக்கும், பேரேட்டின் படி காவல் நிலையத்திடம் இருக்கும். பரணில் கிடக்கும் ஒற்றைக்குழலை ஒப்படைக்க வரும் குடும்பத்திடம், வழக்கு இல்லை என்பதோடு சேர்த்து, உங்கள் கொல்லைக்கு இன்ன இரவில் இன்ன ஆள் காவல் என்றும் சொல்ல அப்போது முடியும்.